இடது பெட்டிப் பாட்டு

என் அக்கா புருஷனுக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் பாம்புக்காது. லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் டார்ச்சும் மீட்டரும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்குவார்கள். இவர் லிஃப்டுக்குள் நின்று இரண்டு தடவை மேலே போய்க் கீழே வருவார், அவ்வளவுதான். "ஆறாவது மாடிக் கதவு, இடது பக்க ரோலர்" என்பார். திறந்து பார்த்தால் அதேதான். அதில் அவருக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. படியேறி வருகிறவர் யாரென்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, நாம் வாயைப் பிளக்கிறோமா என்று வேறு பார்ப்பார்.

அந்த மனுஷருக்கு மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் வலது காது அடைத்துக்கொண்டது. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்படியே வேலைக்குப் போனார். அங்கே ஒரு லிஃப்டில் சத்தம் வலமா இடமா என்று பிடிபடாமல் ஒன்பது தடவை மேலும் கீழும் போய்வந்தார். காது ஒன்றானால் எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. டாக்டர் ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் இருங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

வீட்டில் இருக்கத் தெரிந்தவரா அவர்? போதாததற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை. "கொஞ்சம் படபடப்பாக இருக்கும்" என்றாராம் டாக்டர். கொஞ்சமா! குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். குக்கர் கைப்பிடியைக் கழற்றி மாட்டினார். கழற்ற எதுவும் மிச்சமில்லாதபோது இரண்டு மாடி இறங்கி என் வீட்டுக்கு வந்து மிக்ஸியைக் கழற்றினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி. நான் அவருக்கு ஒரே மச்சினி என்பதால் திட்டும் உரிமை எனக்கு உண்டு, திட்டினேன். "நல்லவேளை அத்தான், இனிமே ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட முடியாது" என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகள்தான் அந்த வாரம் ஒன்று செய்தாள். அறுபதுகளில் வந்த ஒரு வெளிநாட்டு ஆல்பம், நாலு ஆண்கள் சேர்ந்து பாடியது, புதுசாகச் சுத்தம் செய்து மறுபடி வந்திருக்கிறது. அதை அப்பாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, "அம்மா வீட்டு ரெக்கார்டுதானேப்பா, தெனம் காலைல ஹெட்போன்ல போட்டுப் பாருங்க, வலது காது திரும்பினா உடனே தெரியும்" என்றாள். நல்ல யோசனைதான். அந்த ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டும் அத்தானுக்கு மனப்பாடம். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க அதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் பதினொரு மணிக்கு நான் தபால் ஆபீஸ் கவுன்டரில் இருக்கிறேன், பதிவுத் தபாலுக்கு ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரையும் தள்ளிக்கொண்டு அத்தான் வந்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக ஹெட்போனை நீட்டினார்.

"இதக் கேளு."

"அத்தான், வேலை நேரம்."

"வலது காத கையால பொத்திக்கோ. இடதுல மட்டும் கேளு. மொதல்ல பாட்டையே காணோம்னு நெனச்சேன். என்னத்த அனுப்பி வச்சேன்னு மககிட்ட போன்ல கத்திட்டேன். கேளேன்!"

கேட்டேன். பாட்டைக் காணோம்தான். முன்னால் நின்று பாடுகிறவன் இல்லை, தாளமும் இல்லை. இரண்டு பேர் மட்டும் கீழ்க்குரலில் "ஊ" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். வரியின் கடைசிச் சொல்லை மட்டும், மற்றவர்கள் பாடி முடித்திருக்கும் இடத்தைத் தாண்டி, ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னார்கள். எனக்கு எங்கள் அப்பா வீட்டுச் சமையலறை அலமாரி மேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இது அக்கா பாடறது" என்றேன்.

"அவ தப்பா பாடறான்னு நான் சொன்னது" என்றார் அத்தான்.

"பாட்டுக் கச்சேரி முடிஞ்சா ஒரு ஸ்டாம்ப் கெடைக்குமாம்மா?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் அப்பா ரெக்கார்டு பிளேயர் வாங்கியபோது அதோடு இரண்டு பெட்டிகள் வந்தன. நாங்கள் மட்டும் கேட்டால் எப்படி, அம்மாவும் கேட்கட்டும் என்று அப்பா சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்து, ஒரு பெட்டியைச் சமையலறையில் வைத்தார். வலது பெட்டி முன்னறையில், அப்பாவுக்கும் அவர் நண்பர்களுக்கும். இடது பெட்டி உள்ளே, அம்மாவுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும். நடுவில் இரண்டு கதவு. இரண்டு பெட்டியும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பாட்டை இரண்டாகப் பிரித்து, சில குரலை இந்தப் பக்கமும் சில குரலை அந்தப் பக்கமும் போட்டிருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? பாட்டின் மொழியே எங்களுக்குப் பாதிதான் புரியும். நாங்கள் கேட்டுக் கற்றுக்கொண்டது இடது பெட்டிப் பாட்டு.

அந்த ரெக்கார்டும் பிளேயரும் இரண்டு பெட்டிகளும் அக்காவோடு புகுந்த வீட்டுக்குப் போயின. கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் வீட்டு ஆட்கள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அத்தான் இரண்டு பெட்டியையும் அக்கம்பக்கம் வைத்து ரெக்கார்டைப் போட்டார். அக்கா தன்னை மறந்து கூடவே பாடினாள். சின்ன வயதிலிருந்து பாடியதைப் பாடினாள். அத்தான் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். "பாட்டு கெழக்கால போனா இவ மேற்கால போறா! இவ்வளவு நாளா இதக் கேட்டும் ஒனக்கு ராகம் புடிபடலையா?" என்றார். பாம்புக்காது சொல்லிவிட்டால் அப்புறம் அப்பீல் ஏது? அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கும் அதே பாட்டுதான் தெரியும், ஆனாலும் சிரித்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம், அக்கா யார் முன்னாலும் பாடியதில்லை.

அத்தான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த ஒரு காதாவது இருக்கறப்ப, ஒரே ஒரு தடவ அவ வாயால அதக் கேட்டுடணும்" என்றார். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, வலது காதுகூட.

அக்கா தைக்கிறவள். பின் அறையில் மோட்டார் வைத்த தையல் மெஷின். இரண்டு துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் செய்து கொடுக்கிறாள். அத்தான் நேரே அங்கே போய், பேன்ட் குவியலுக்கு நடுவே நின்று, "அந்தப் பாட்டக் கொஞ்சம் பாடேன்" என்றிருக்கிறார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு கேட்டிருக்கேன், காது கெட்ட பிறகு கச்சேரியா?" என்று கேட்டாளாம்.

அவர் விடவில்லை. காலையில் கேட்டார், சாப்பிடும்போது கேட்டார், அவள் துணி உலர்த்தும்போது பின்னாலேயே கிளிப் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் பழக்கமில்லாததால் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு "தப்புதான்" என்றார். ஃபிரிட்ஜ் மன்னித்திருக்கும். அக்கா, "எனக்கு மறந்து போச்சுங்க" என்று முடித்துவிட்டாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நின்றார். என் மிக்ஸி இன்னும் துண்டுதுண்டாக அவர் மேஜையில்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட் வாங்க நானும் கூடப் போனேன். வலது காது இனி திரும்பாது என்றார் டாக்டர். இடதுக்கு ஒன்றும் வராது என்றுதான் நினைக்கிறாராம், ஆனால் முப்பது வருஷம் மெஷின் ரூமில் தேய்ந்த காது, உத்தரவாதம் தர முடியாதாம். வெளியே வந்ததும் அத்தான், "உத்தரவாதம் இல்லேன்னா என்ன கணக்கு? ஒரு வருஷமா, ஒரு வாரமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்! நான் ஸ்டாம்ப் விற்கிறவள்.

எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. அன்று மத்தியானம் பின் அறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "ஒரு பாட்டுக்கா? மனுஷன் செவிடாகப் போறாரு. அவருக்கு இப்பதானே தெரிஞ்சுது!"

"எனக்கு இருவது வருஷம் முன்னாடியே தெரியும்" என்றாள் அக்கா.

"எப்படிக்கா?" என்றேன்.

"எலி ஒரு பெட்டியோட ஒயர கடிச்சிருந்துது. அவரு வேலைக்குப் போயிருந்தப்ப போட்டுப் பாத்தேன். இடது பெட்டி மட்டும் பாடிச்சு. நான் பாடினது அப்படியே இருந்துது, ஒரு எழுத்து தப்பில்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா!"

"பெட்டில வந்தா நம்புவாரு. என் வாயில வந்தா நம்புவாரா? அன்னிக்கு என் வாயிலதானே வந்துச்சு." அவள் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள். "அதுக்கப்புறம் மெஷின் ஓடறப்ப மெதுவா பாடிப்பேன். யாருக்கும் கேக்காதுல்ல. ஒரு நாள் அவரு வாசல்ல நின்னு, மெஷின்ல ஊன்னு ஒரு சத்தம் வருதேன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, வாய மூடிக்கிட்டேன். மனுஷன் ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் கழட்டி, பெல்ட்ட மாத்தி, எண்ணெ விட்டு ஓட்டிக் காட்டினாரு. பாத்தியா, சத்தம் நின்னுடுச்சுன்னாரு. அவ்வளவு சந்தோஷம் அவரு மொகத்துல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

நிமிர்ந்தால் அத்தான் வாசலில். இடது காது எங்கள் பக்கம் இருந்தது. எவ்வளவு கேட்டது என்று கேட்கவே வேண்டியதில்லை, முகமே சொன்னது. அவர் போய் ஸ்டூலை எடுத்துவந்து மெஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பாட வேணாம். இனிமே கேக்கல. ஒன் வேலையப் பாரு, நான் சும்மா இருக்கேன்."

மாலைக்குள் கொடுக்க வேண்டிய பேன்ட்கள் நாலு இருந்தன. அக்கா ஒன்றை எடுத்து மடித்து, பெடலை அழுத்தினாள். மெஷின் ஓடியது. அத்தான் குனிந்து, நல்ல காதை அதன் பக்கமாகக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வாரமாக நிற்காத கால்கள் நின்றன. முதல் பேன்ட் முடிந்தது. இரண்டாவதில் பாதி போயிருக்கும்.

"கேக்குது" என்றார்.

கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. "அந்தக் கடைசிச் சொல்லு லேட்டா வரும்ல, அதேதான். எனக்குக் கேக்குது. பாடு, நிறுத்தாத."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உதடுகளுக்கு நடுவில் இரண்டு குண்டூசி இருந்தது. அவள் பாடவே இல்லை.

அவளும் என்னைப் பார்த்தாள். சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன், சிரித்திருந்தாலும் நியாயம்தான். அவள் காலைப் பெடலிலிருந்து எடுத்தாள். மெஷின் நின்றது. அத்தான் பதறிப்போய், "ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து மெஷினைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்த மனுஷர் அவ்வளவு சிறுத்துப்போய் நான் பார்த்ததில்லை. எழுந்து போகப் போனார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்புறம், மெஷின் ஓடாமல், பட்டப்பகலில், சாதாரணமாகப் பாடினாள். முதல் "ஊ" கரகரத்தது. இரண்டாவது சரியாக வந்தது. கடைசிச் சொற்களை, முன்னால் யாருமே பாடாதபோதும், ஒரு மூச்சு விட்டுத் தாமதமாகவே சொன்னாள். அத்தானுக்கு முன்னால் நின்று பாடுகிறவன் பாட்டு முழுக்க மனப்பாடம், கூடச் சேர்ந்து பாட வாயைத் திறந்தார். நான் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அவள் முடிக்கும்வரை பிடியை விடவில்லை.