பிளேன்டீ விலையில் சிப், எஞ்சின் விலையில் கருவி

மைக்ரோகொன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப்போடு மாரடிக்கிறவர்களுக்குத் தெரியும்: சிப்பை யாரும் வாங்கலாம், அதோடு கதைக்கத்தான் சொத்து வேண்டும். பல்கலைக்கழகப் படிப்புக்கு நடுவில் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து மீன் வியாபாரிகளுக்குச் சின்னச் சின்ன மின்னணுப் பெட்டிகள் செய்து கொடுக்கிறேன். என்னைப் போல வயிறெரிந்தவர்களே, கேளுங்கள்.

மீனும் வலையும்

கிண்ணியா மீன் வியாபாரி நஸீர் நானாவின் குளிர் அறையில் இயந்திரம் நின்றது தெரியாமல் ஒருமுறை அறை நிறைய மீன் பழுதாகிவிட்டது. அறையின் வெப்பநிலையை அவருடைய கணினிக்கு அனுப்பும் பெட்டி செய்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். சிப் ஒரு கோப்பை பிளேன்டீ, அதாவது வெறுந்தேநீர் விலை. அதற்குள் நிரலை ஏற்றும் கருவியும் மென்பொருளும் படகு எஞ்சின் விலை! இது என்ன நியாயம் என்று கொழும்பு விற்பனையாளரோடு தொலைபேசியில் சண்டை பிடித்தேன். மனுசன் அசையவே இல்லை. “மிஸ், மீன் மலிவெண்டா வலையும் மலிவா வருமோ?”

நான் ஒரு கீபோர்ட்

வலையை நானே பின்னினேன்: இலவச மென்பொருள், கருவிக்குப் பதிலாக ஒரு பழைய சர்க்யூட் போர்ட். அடுத்த வில்லங்கம் யூ.எஸ்.பி. டிரைவர். பெட்டியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள் அது. நான் எழுதியதைக் கணினி நம்பாதாம். நம்பவைக்கும் சான்றிதழுக்கு வருடாவருடம் காசு கட்டவேண்டுமாம். “ஏலாது. கட்டு, இல்லாட்டி விடு” என்றான் கூடப் படிக்கும் கஜன்.

ஏன் கட்டவேண்டும்? கீபோர்டைச் செருகினால் எந்தக் கணினியாவது டிரைவர் கேட்கிறதா? “நான் ஒரு கீபோர்ட்” என்று சொல்லப் பெட்டியைப் பழக்கினேன். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. வெப்பநிலை தானாகவே திரையில் வந்து விழுந்தது. பொய் சொல்லி உள்ளுக்கு விட்டதாகக் கஜன் குற்றம் சாட்டினான். எழுத்து அடிப்பது கீபோர்ட் இல்லாமல் வேறென்ன என்று நான் தொடங்க, கையெடுத்துக் கும்பிட்டான். “உன்னோட வாதாடுறதை விடக் காசைக் கட்டலாமடி!”

குறுக்குக் கதை

கீபோர்டுக்கு ஒரு குணம்: எது திறந்திருக்கிறதோ அதற்குள் அடிக்கும். கொழும்பு ஹோட்டலுக்குத் தன் மீனின் பெருமையை நானா கணினியில் எழுதிக்கொண்டிருக்க, நடுவில் இலக்கங்கள் விழுந்தன. கொதித்துப்போய் எனக்கு அழைத்தார். “புள்ள, உங்கட பெட்டியக் கழட்டிக் கொண்டு போங்க! முதல்ல மைனஸ் பதினெட்டு எண்டு அடிச்சிச்சு, இப்ப மைனஸ் ஒன்பது எண்டு அடிக்குது!”

“நானா, அப்ப அறை சூடாகுது! ஓடிப் பாருங்கோ!”

இயந்திரம் நின்றிருந்தது. பாரை, விளமீன் அத்தனையும் தப்பின. அந்தப் பழக்கத்தைத் திருத்தித் தரட்டுமா என்று மறுநாள் அவர் கதைக்கும்போதே குறுக்கிட்டுக் கேட்டேன். பெட்டியைத் தடவிக்கொண்டே சிரித்தார். “வாணாம் புள்ள, அது உங்களப் போலயே நடுவுல பூந்து கதைக்கட்டும்!”

இப்போது குச்சவெளியிலிருந்தும் பெட்டி கேட்கிறார்கள். கருவிக் கம்பனிக்கு என்னிடமிருந்து ஒரு சதமும் போகவில்லை, பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே விழாதே என்று வீட்டில் சொல்கிறவர்களுக்குத்தான் பதில் போயிருக்கிறது.