பச்சை தெரியாத விடியல்

1921 மார்ச் 9, புதன். வழக்கம்போல் விடியுமுன் எழுந்து பதுளைக் கடையின் வாசலைக் கூட்டினேன். பெரிய எரிவெள்ளி ஒன்று தெருவையே வெளிச்சமாக்கி மறைந்தது.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இப்படியொன்று விழுந்தபோது எனக்கு ஆறு வயது. விடியற்காலையில் ஆளெண்ணும் பெரட்டில் பேர் கொடுத்தால்தான் அன்று வேலை. வேலை இருந்தால்தான் அடுப்பு எரியும். வெள்ளி விழுவதைக் கண்டால் பச்சையைப் பார்க்கும்வரை பேசக்கூடாதென்று, பெரட்டில் நின்றிருந்த அம்மா தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருட்டில் பச்சை தெரியவில்லை. வெள்ளைக்காரத் தொரை பார்த்துக்கொண்டிருக்க, கங்காணி பேர் கூப்பிட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

"தொரைக்கே முதுகக் காட்டுறியா? இன்னைக்கு ஒனக்கு வேல இல்ல," என்றார் கங்காணி.

"வெள்ளி விழுந்துச்சுங்க," என்றாள் அம்மா அப்போதுதான்.

"ஒன் தலையிலதான் விழுந்துருக்கு, போ."

பெரட்டே சிரித்தது. அன்று பட்டினி கிடந்தோம்.

மறுநாள் அம்மாதான் முதல் ஆளாய்ப் போய், வானத்தை நிமிர்ந்தே பாராமல் தரையைப் பார்த்தபடி நின்றாள்.