தொட்டுப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை

மங்கையர்க்கரசி அக்காவுக்கு அன்று தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. இனிக் கேட்கவும் முடியாது... இன்று காலை கடலூரில் இறந்துவிட்டார்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் சீனியர். அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான்... ஒத்துப்போயிற்று.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். "இட்லி சாப்பிட ஆரம்பிச்சிட்டா அக்கா, தட்டு காலி" என்றேன் ஒரு நாள், மதியச் சாப்பாட்டின்போது.

"தட்டப் பாக்காதம்மா. வயித்தத் தொட்டுப் பாரு."

பிறகுதான் கிளியைப் பற்றிச் சொன்னார். ஒரே ஒரு முறை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. காற்றில் முறிந்த தென்னையிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் அக்காதான் பொட்டுக்கடலை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஸ்பூனில் ஊட்டி வளர்த்தார். சிறகு முளைத்துவிட்டது. தானாகத் தின்னத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சிதம்பரத்தில் கல்லூரியில் பி.யு.சி. படிக்க இடம் கிடைத்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் போய்விடும். பெண்ணைப் படிக்க அனுப்ப அந்த வீட்டில் இன்னொரு முறை சம்மதிக்க மாட்டார்கள்... ஹாஸ்டலுக்குக் கிளியைக் கொண்டுபோக முடியாது.

"எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டவே நேரமில்ல. ஊட்டிகினு உக்கார முடியாது. தானா தின்னா இருக்கட்டும்" என்றுவிட்டார் அக்காவின் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு. "அதுவும் ஒன்ன மாதிரிதான். ஊட்டினாதான் வாயத் தொறக்கும்."

கிளம்பப் பத்து நாள் இருந்தது. அக்கா கஞ்சியைக் குறைத்துக்கொண்டே வந்தார். நெல்லும் கொய்யாவும் வைத்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து கஞ்சியே இல்லை.

கிளி நெல்லை உடைக்கும், கீழே போடும், விழுங்காது. விழுந்த அரிசியை எறும்பு இழுத்துப் போய்விடும். தட்டில் உமி மட்டும் கிடக்கும்... தின்று முடித்த மாதிரியே இருக்கும். கழுத்துக்குக் கீழே இரை தங்கும் பையைத் தொட்டால்தான் உண்மை தெரியும். அக்கா தினமும் மாலையில் தொட்டுப் பார்ப்பாராம்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது கிளி வாயைத் திறந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கத்தியது.

"தட்டு பூரா உமி கெடக்குது பாரு. தின்னுதுடி. நீ கெளம்பு, ரயிலு போயிடும்" என்றாராம் அம்மா.

அதிகம் பேசாத நான் அன்று குறுக்கே கேட்டுவிட்டேன். "அன்னிக்குத் தொட்டுப் பாத்தீங்களா அக்கா?"

"சனிக்கிழம பாத்தேன். ஞாயித்துக்கிழம பாக்கல."

"ஏன்?"

டிபன் பாக்ஸை மூடினார். "மணி ரெண்டு ஆவுது. கவுண்டர்ல ஆள் நிக்கிறாங்க, போம்மா."

சனிக்கிழமை கையில் என்ன தட்டுப்பட்டது என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் பாயைத் தூக்கிப் பார்த்தேன். இட்லி பாதி அங்கே இருந்தது.

இன்று சாயங்காலம் எடுக்கிறார்களாம். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்... வந்துகொண்டிருக்கிறேன், அக்கா.

அக்கா ரயிலேறியதற்கு அடுத்த நாள் நடந்தது இது. அக்காவுக்கே தீபாவளி லீவில்தான் அம்மா சொன்னாராம். திங்கட்கிழமை விடிந்தபோது கிளி கூண்டின் தரையில் செத்துக் கிடந்தது. அப்பா அதைக் கிணற்றடியில் புதைத்தார். கை கழுவிவிட்டு வந்து, ஹாஸ்டல் முகவரிக்கு ஒரு கார்டு எழுதினார்.

கிளி நன்றாகத் தின்கிறது.