டிசம்பரில அவுட்பக்: அப்பா, பெரியப்பா, ஒரு வான்

முதலே சொல்லிப்போடுறன்: டிசம்பரில, அங்க நடுக்கோடையில, அவுட்பக் எண்ட ஆஸ்திரேலியா நடுப் பாலைவனத்தால ரோட் ட்ரிப் போறது விசர் வேலை. நாங்கள் போனனாங்கள். அப்பான்ர ஃபக்டரி கிறிஸ்மஸுக்குத்தான் பூட்டும். எங்கட ஆக்கள் லீவைப் பார்த்துத்தான் வெளிக்கிடுவினம், வெயிலைப் பார்த்தில்லை. இது தொண்ணூற்றாறு கடைசியில. இப்பவும் கனடாவில, ரொறொன்ரோ வெக்ஸ்போர்டில ஸ்னோ தள்ளேக்க அந்தச் செம்மண் ரோட்டுக்கரைதான் கண்ணுக்குள்ள வருது.

சுத்திப்பார்க்கிறதுக்கெண்டு போகேல்ல. அப்பான்ர தமையன், எங்கட பெரியப்பா, அடிலெய்டில இருக்கிறார். இலங்கையை விட்டு வெளிக்கிடேக்க ஒராள் அந்தப் பக்கம், ஒராள் இந்தப் பக்கம். ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில பெரியப்பாவுக்கு ஒரே கதை. "வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வாடா. ஸ்னோ இல்லை, மாமரம் வைக்கலாம், ரோட்டிலகூட ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டம்." நேர வந்து பார்த்து முடிவெடுப்பம் எண்டுதான் அப்பா டிக்கெட் போட்டவர்.

அம்மாவுக்கு விருப்பமில்லை, ஆனா வாய் திறக்கேல்ல. எனக்குச் சரியான விருப்பம். யூனிவேர்சிற்றியை ரெண்டாம் வருசத்தோட விட்டனான். ரொறொன்ரோவில எங்கட ஸ்காபரோப் பக்கம் எந்தப் பேர்த்டே பார்ட்டிக்குப் போனாலும் ஒரு அன்ரி ரோல்ஸைக் கடிச்சுக்கொண்டு, "தம்பி இப்ப என்ன படிக்கிறீர்?" எண்டு கேட்பா. அடிலெய்டில கேக்கிறதுக்கு ஆக்கள் குறைவு. எனக்கு அது காணும்.

நாட்டைக் காட்டுறன் எண்டு பெரியப்பா அப்பா, அம்மா, நான் மூண்டு பேரையும் தன்ர வானில ஏத்த, விடிய அஞ்சரைக்கு அடிலெய்டில இருந்து வெளிக்கிட்டம். பாலைவனத்து நடுவில ஒத்தையா நிக்கிற உலுருக் கல் மலை மட்டும் ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றர், அதில முதல் நாள் கூபர் பீடி, எண்ணூற்றம்பது. போர்ட் ஒகஸ்ராவில தண்ணியும் சாப்பாடும் வாங்கிப்போடுங்கோ, அதுக்கு அங்கால பெரிய கடை இல்லை. பிறகு மரம் குட்டையாகும், மண் சிவக்கும், ரேடியோ இரையும். உப்பு ஏரி ஒண்டு வெள்ளையாக் கிடந்துது. அப்பா உடன, "பார், இஞ்சயும் ஸ்னோ" எண்டார். பெரியப்பா சிரிக்கேல்ல.

கிளென்டம்போவில பெற்றோல் அடிச்சம். அங்கால இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு ஒரு பம்பும் இல்லை. அங்கதான் அப்பா, அதுவரைக்கும் ஓடின பெரியப்பாவிட்டச் சாவியைக் கேட்டவர்.

"உனக்கு இடப்பக்கம் ஓட வருமோ?" எண்டு பெரியப்பா கேட்டார்.

"ஊரில ஹயர் கார் ஓடினவனிட்டக் கேக்கிற கேள்வியே அண்ணை? இதென்ர பிறந்த பக்கம்."

உண்மையா நல்லா ஓடினார். ஒரு கையால ஸ்டியரிங், மற்றக் கை வெளியில, தன்பாட்டில விசிலும் அடிச்சார். அப்பா விசில் அடிப்பார் எண்டதே எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். அப்ப நினைச்சன், சரி, வீடு வித்த மாதிரித்தான். பின்னுக்கு அம்மா ஜன்னலால பார்த்துக்கொண்டிருந்தா.

ஒரு மணித்தியாலத்தால ரோட்டுக்கரையில நிப்பாட்டி, பெரியம்மா கட்டித்தந்த பாணும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டம். ஈ எண்டா அப்பிடி ஒரு ஈ. "எங்கட சனம் மாதிரி. இறைச்சி எண்டவுடன எங்கயிருந்தோ வந்திடும்" எண்டா அம்மா. பெரியப்பா பின் சீற்றில படுத்திட்டார். நான் முன்னுக்கு அப்பாவுக்குப் பக்கத்தில. திரும்ப வெளிக்கிட்டம்.

ரோட்டு ஒரே நேர். ஒரு வாகனமும் இல்லை. பத்து நிமிசம் இருக்கும், தூரத்தில ரோட் ட்ரெயின் ஒண்டு தெரிஞ்சுது. உது லொறிக்குப் பின்னால மூண்டு பெட்டி கொழுவினது, லேசில பிரேக் பிடிக்க ஏலாது. அவன் லைட்டை அடிச்சு அடிச்சு வாறான்.

"உவனென்ன, பிழையான பக்கத்தில வாறான்?" எண்டு அப்பா கேட்டார்.

"குடிச்சிருக்கிறான் போல" எண்டு நானும் சொன்னன்.

ஹோர்ன் கேட்டுது. அம்மா, "இஞ்சருங்கோ! நாங்களப்பா! நாங்கள்தான் பிழை!" எண்டு கத்தினா. அப்பா இடப்பக்கம் வெட்டினார். வான் செம்மண்ணுக்குள்ள இறங்கி ஆடி நிண்டுது. லொறி போன காத்தில கண்ணாடி எல்லாம் அதிர்ந்துது.

"டேய், உனக்கென்ன விசரே!" பெரியப்பா எழும்பிட்டார்.

சாப்பிட்டிட்டு வெளிக்கிடேக்க அப்பா வலப்பக்கம் எடுத்திருக்கிறார். கனடாப் பக்கம். எனக்கும் வித்தியாசமாப் படேல்ல. அம்மாவுக்கும் லொறி கிட்ட வருமட்டும் படேல்ல. முழிச்சிருந்த மூண்டு பேரும் ரொறொன்ரோக்காரர்.

கூபர் பீடியில மோட்டல் நிலத்துக்குக் கீழ, குகை மாதிரிக் குடைஞ்சு வச்சிருக்கிறாங்கள். வெளியில நாப்பத்திரண்டு டிகிரி, உள்ளுக்குக் குளுகுளு எண்டு இருக்கும், கட்டாயம் ஒரு ராத்திரி நில்லுங்கோ. பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு அப்பா சொன்னார், "அண்ணை, நாங்கள் இஞ்ச குடிவரேல்ல."

"ஒரு லொறிக்குப் பயந்தோ?"

"லொறிக்கில்லை. நான் அவன்தான் பிழையெண்டு நினைச்சன். ஊர் மாதிரி எண்டுதான் வந்தனான், ஆனா என்ர கை இப்ப அங்க இல்லை. இந்த வயசில இன்னொருக்கா மாத்தேலாது."

பெரியப்பா மிச்சப் பிளேன்ரீயைக் குடிச்சு முடிச்சார். பிறகு, "அப்ப நாளைக்கு உன்ர பெடியனை ஓடச் சொல்லு" எண்டார்.

"படிப்பையே பாதியில நிப்பாட்டினவன், அவன் உலுரு மட்டும் முழுக்க ஓடுவானோ?" எண்டார் அப்பா.

எனக்குக் கோவம் வந்துது. அம்மா கனநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிச்சா, அதால சும்மா இருந்திட்டன்.

அடுத்த நாள் நான்தான் ஓடினனான், உலுரு மட்டும். அந்தக் கல் பின்னேர வெயிலில நிறம் மாறுறதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கினம், நான் விடுறன்.

போறவைக்கு: மே தொடக்கம் ஓகஸ்ட் போங்கோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லீற்றர் தண்ணி. பம்பைக் கண்டா அரை டாங்க் இருந்தாலும் அடியுங்கோ. பொழுதுபட்டு மைம்மலான பிறகு ஓடாதேங்கோ, கங்காரு குறுக்கால பாயும். கனடாவில இருந்து போறவை நிப்பாட்டி வெளிக்கிடுற ஒவ்வொருக்காவும் எந்தப் பக்கம் எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டு எடுங்கோ. பக்கத்தில இருக்கிறவரை நம்பாதேங்கோ, அவரும் ஸ்காபரோதான்.

அன்ரிமார் இப்பவும் கேக்கினம், நான் இப்பவும் ஒண்டும் படிக்கேல்ல. பெரியப்பா ஞாயிறுகளில ஃபோன் எடுக்கிறார். வாடா எண்டு கேக்கிறேல்ல, வெயில் எவ்வளவு, ஸ்னோ எவ்வளவு எண்டு ரெண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிப்போட்டு வச்சிடுவினம். அப்பான்ர விசிலை மட்டும் அந்தச் செம்மண் ரோட்டுக்குப் பிறகு நான் கேக்கேல்ல.