கையுறை பறந்த முகடு

அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்க வருகிற பெண்ணுக்கு ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் கருவிப் பையில் இரண்டு இரும்புக் கட்டிகளைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்வாள். படி வழியாக மொட்டைமாடிவரை ஏறுவாள், இறங்குவாள், மறுபடியும் ஏறுவாள்.

"ஏம்மா, நீங்க ரிப்பேர் பண்ண லிஃப்ட்ல நீங்களே ஏறமாட்டேங்கிறீங்க. எங்களை மட்டும் ஏறச் சொல்றீங்களே, நியாயமா?" என்று ஒருநாள் நாலாவது மாடிக்காரர் வழிமறித்துக் கேட்டார்.

"லிஃப்ட் நல்லாத்தான் சார் இருக்கு. நான் மலை ஏறப் போறேன். அதுக்குப் பழகுறேன்."

அவர் நம்பவில்லை. அன்று பாதிக் கட்டடம் படியில்தான் இறங்கியது. கம்பெனிக்குப் புகாரும் போய்ச் சேர்ந்தது.

லிஃப்ட் அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அவள் ஏறாத உயரம் கிடையாது. ஆனால் அத்தனை உயரமும் கட்டடத்தின் குடலுக்குள்ளே, இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், கிரீஸ் வாடைக்கு நடுவில். ஏறி என்ன பார்த்தாள்? இரும்புக் கயிறும் சுவரும்தான்.

இந்தப் படியேற்றப் பழக்கம் வருவதற்கு முன், ஒரு மழைக்கால முடிவில், புதிதாகக் கட்டிய உயர்ந்த கட்டடம் ஒன்றின் உச்சியில் இயந்திர அறை வேலை. காற்று வாங்கலாம் என்று கதவைத் தள்ளினாள். ஊருக்கு அப்பால் வெள்ளையாக ஒரு மேகம். முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அது நகரவில்லை. பனிமலை! இத்தனை வருஷமாக அங்கேயேதான் நின்றிருக்கிறது. அதன் அந்தப் பக்கம் என்ன இருக்கும்? அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவருக்கு ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு போன்ல தட்டினா வந்துடப்போகுது. அதுக்கு ஏன் ஏறணும்?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணி, நானும் வரேன்!"

சின்ன மலை, நடுத்தர மலை என்று அண்ணியும் நாத்தனாரும் மூன்று வருஷம் விடுமுறையெல்லாம் ஏறினார்கள். கடைசியில் அந்தப் பெரிய மலைக்கே நாள் குறித்தார்கள். வழியனுப்ப வந்த கணவர் பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தி பொண்டாட்டி, ஒருத்தி கூடப் பிறந்தவ. ஏதாவது ஆச்சுன்னா யாரைத் திட்டுறதுன்னே எனக்குத் தெரியாது. முழுசா வந்து சேருங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலை விடாமல் கூடவே நடந்தார்.

கிளம்பும் முன்பே லிஃப்ட் அக்கா ஒரு காரியம் செய்திருந்தாள். பனிமலைக் கையுறை ஒவ்வொன்றிலும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார் தைத்திருக்கும். கையுறையைக் கழற்றினாலும் அது கையிலேயே தொங்கும். லிஃப்ட் வேலையிலோ உடம்பில் எதுவும் தொங்கவே கூடாது. சங்கிலியோ துப்பட்டாவோ ஓடுகிற கயிற்றில் சிக்கினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். தொங்குகிற வாரைப் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. கத்தரியை எடுத்து, பிசிறில்லாமல் வெட்டிவிட்டாள். நாத்தனாருடையதையும் வெட்டப் போனாள்.

"என்னுது இருக்கட்டும் அண்ணி. தொங்கினா எனக்கு அழகாத்தான் இருக்கும்" என்று அவள் பிடுங்கிக்கொண்டாள்.

மலை வேறு உலகமாக இருந்தது. கடைசி முகாமில் ஷூ லேஸ் கட்டினாலே நெஞ்சு அடைத்தது. பசி செத்துவிட்டது. தலைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். கண்ணை மூடினால் மூச்சு நின்றுபோய், திடுக்கிட்டு எழ வேண்டியிருந்தது. "தண்ணிக்குள்ள முங்கின மாதிரியே இருக்கு அண்ணி. என்ன, மேல வந்தாலும் மூச்சு கிடைக்கல" என்றாள் நாத்தனார். ஆனாலும் இருவருக்கும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. அவர்களோடு வந்த வழிகாட்டி அடிவாரத்து ஊர்க்காரன். இவர்கள் அவனைத் தம்பி என்றார்கள். அவன் இவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றான்.

உச்சிக்குப் போகிற நாள் இருட்டோடு கிளம்பி, முகட்டின் மேல் கால் வைக்கும்போது விடிந்தது. முதல் வெளிச்சம் உச்சியில்தான் விழுந்தது. பிறகு அது மெதுவாக வழிந்து இவர்கள் பூட்ஸ்வரை வந்தது.

"ஏய், அதோ! அதோ பாருடி!" லிஃப்ட் அக்கா கத்தினாள். தெருக்கோடி வீடு மாதிரி அவ்வளவு கிட்டத்தில் நின்றது உச்சி. மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடந்தது. அவளுக்கு ஆடவேண்டும்போல் இருந்தது. ஆட மூச்சில்லை.

முகட்டில் பிடித்து ஏறக் கயிறு கட்டியிருந்தது. பனியில் அடித்திருந்த ஒரு முளையில் மூன்று கயிறுகள். இரண்டு பழையவை, வெயிலில் நைந்தவை. ஒன்றுதான் புதியது. முன்னால் போன வழிகாட்டி திரும்பி, "நீலக் கயிறு பெரியக்கா, நீலம்!" என்று கத்தினான். மூன்றின் மேலும் பனி உறைந்து எல்லாம் வெள்ளையாகவே இருந்தன.

லிஃப்ட் அக்காவின் கை யோசிக்கவில்லை. கயிறு சந்தேகமாக இருந்தால் விரலால் தடவி, அறுந்த இழை இருக்கிறதா என்று பார்ப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. பெரிய கையுறையைக் கழற்றி அக்குளில் செருகினாள். உள்ளே இருந்த மெல்லிய உறையைப் பல்லால் இழுத்தாள். வெறும் விரலால் ஒவ்வொரு கயிறாகப் பனியைச் சுரண்டித் தடவினாள். ஒன்று பிசிறு. இன்னொன்றும் பிசிறு. மூன்றாவது வழவழவென்று முழுசாக இருந்தது.

"இதுதான்!" என்று தன் இடுப்புப் பட்டையின் கொக்கியை அதில் மாட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஓங்கி அடித்தது. அக்குளில் இருந்த கையுறை பறந்தது. பிடிக்கக் கை பாய்ந்தது. கையோடு ஆளும் பாய்ந்தாள். கால் வழுக்கி, முகட்டின் ஓரமாகச் சரிந்தாள். கயிறு விண்ணென்று இழுத்து அவளை நிறுத்தியது. சரியான கயிற்றைத்தான் மாட்டியிருந்தாள். வெறும் கை மட்டும் மணிக்கட்டுவரை பனிக்குள் புதைந்திருந்தது.

வழிகாட்டி இறங்கி ஓடி வந்தான். அவனும் நாத்தனாரும் சேர்ந்து அவளை மேலே இழுத்தார்கள். அவன் பையிலிருந்து உபரிக் கையுறையை எடுத்தான். போடுவதற்கு முன் விரல்களைப் பார்த்தான். மெழுகுவத்தி மாதிரி வெளுத்திருந்தன.

"வலிக்குதா பெரியக்கா?"

"இல்லப்பா, ஒண்ணுமே வலிக்கல!"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துத் தன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். "அம்மாடி! இது கையா, கல்லா?"

"உச்சி ஒரு மணி நேரம்" என்றான் வழிகாட்டி. "போயிட்டும் வரலாம். ஆனா இந்த விரலுங்க திரும்பி வராது. சொல்லுங்க."

லிஃப்ட் அக்கா உச்சியைப் பார்த்தாள். மூன்று வருஷத்துப் படிகளையும் நினைத்தாள். பிறகு கையைப் பார்த்தாள். இந்த விரல்கள் இல்லாமல் ஸ்க்ரூ திருக முடியாது. கயிறு பார்க்க முடியாது. மறுபடி மலையும் ஏற முடியாது.

"இறங்குடா தம்பி" என்றாள். கோபத்தில் கண்ணீர் வந்தது, வந்த இடத்திலேயே உறைந்தது.

முகாமில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நெருப்பில் வைத்த மாதிரி வலித்தது பாருங்கள், மூன்று கூடாரம் தள்ளியிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

"கத்துங்க அக்கா, நல்லாக் கத்துங்க!" வழிகாட்டி குதித்தான். "வலிச்சா உசிரு இருக்கு!"

அவள் கத்திக்கொண்டே சிரித்தாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள். விரல் ஒவ்வொன்றாகச் சிவந்தது. மறுநாள் நுனியில் கொப்புளம் கண்டது. கட்டுப் போட்டார்கள். எல்லா விரலும் தப்பித்தன.

வானிலை இன்னும் நன்றாகவே இருந்தது. "நீ போ" என்றாள் லிஃப்ட் அக்கா.

"நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன் அண்ணி?"

"போகலைன்னா, நீ பயந்ததாலதான் திரும்பினோம்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லிடுவேன்."

"அடப்பாவி அண்ணி! பச்சைப் பொய்!"

"பொய்தான். அவர் நம்புவாரு."

அடுத்த நாள் நாத்தனாரும் வழிகாட்டியும் ஏறினார்கள். லிஃப்ட் அக்கா கூடார வாசலில் போர்வைக்குள் உட்கார்ந்து, இரவல் வாங்கிய பைனாகுலரைக் கட்டுப் போடாத கையால் பிடித்திருந்தாள். இரண்டு எறும்புகள் முகட்டில் ஊர்ந்தன. நின்றன. "நிக்காதடி, ஏறுடி" என்று முணுமுணுத்தாள். மீண்டும் ஊர்ந்தன. வானத்தைத் தொடுகிற இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து நின்றுவிட்டன. வயர்லெஸ் கரகரத்தது.

"அண்ணி! அண்ணீ! மேல நிக்கிறேன்!"

"ஏய்! நிக்கிறியா? நிஜமாவா?" அவள் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். மூச்சிரைத்தது. "அந்தப் பக்கம் என்ன இருக்கு? சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

காற்றிரைச்சலுக்கு நடுவே மூச்சு வாங்குகிற குரல் வந்தது.

"சொல்லமாட்டேன்."

"என்னது?"

"சொல்லமாட்டேன் அண்ணி. போட்டோவும் காட்டமாட்டேன். தம்பி வாயையும் அடைச்சாச்சு. நீங்களே வந்து பாத்துக்குங்க."

"அடியே! கீழ வா, உன்னை என்ன பண்றேன் பாரு!" என்று லிஃப்ட் அக்கா அந்த மலையே கேட்கும்படி கத்தினாள். முகாமில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரிடம், "இந்த மலை அடுத்த வருஷம் எந்த மாசம் திறப்பாங்க?" என்று கேட்டாள்.