தொப்பிக்காரம்மாவின் நெற்றி

எனக்குக் கானா நாட்டு நோட்டுக் கிறுக்கு பிடித்ததற்கு முழுக் காரணம் என் மச்சினன். கணபதி பகுதியில் நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடுதான் குடித்தனம். அவனோ, இங்கிருந்து கப்பலேறும் பம்புசெட்டுகளை மேற்கு ஆப்பிரிக்காவில் மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவன். முதல் தடவை போய் வந்தபோது, சாக்லேட் தருவான் என்று நான் நீட்டிய கையில் ஒரு பழைய நோட்டை வைத்தான்.

“அங்கயே இது செல்லாதுங்க மச்சான். சும்மா வெச்சுக்கங்க.”

நோட்டைத் திருப்பினேன். ராஜா இல்லை, தலைவர் இல்லை. கையில் உண்டிவில்லோடு ஒரு பையன் நின்றிருந்தான். ஒரு நாட்டின் பணத்தில் காக்காய் அடிக்கிற பையனா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மோட்டாரைக் கொண்டுவந்த விவசாயிகள், டீ கொண்டுவருகிறவர் என்று அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோரிடமும் காட்டினேன். ஒருத்தர், “கள்ள நோட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு எட்ட நின்றுகொண்டார்.

அப்புறம் தோண்ட ஆரம்பித்தேன். சுதந்திரம் வாங்கிய கொஞ்ச வருடத்தில் அவர்கள் சீடி என்ற பணத்தைக் கொண்டுவந்தார்கள். நம் ரூபாய் மாதிரி அவர்களுக்குச் சீடி. முதலில் அதில் தலைவர் முகம் இருந்தது. அவர் ஆட்சியை ராணுவம் கவிழ்த்ததும் முகமும் நோட்டிலிருந்து போய்விட்டது. எழுபதுகளில் வந்த நோட்டுகளில்தான் அந்த ஊர்ச் சனம். ஒரு சீடியில் உண்டிவில் பையன், இரண்டில் மண்வெட்டிக்காரர், பத்தில் பைப் புகைக்கிற பெரியவர். ஐந்தில், அகலத் தொப்பி போட்ட ஒரு அம்மா. யாருக்கும் பேர் கிடையாது. தொண்டாமுத்தூர் பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் மாதிரி நாலு பேர். அவர்கள்மேல் எனக்கு வந்த பாசத்தை என்னவென்று சொல்ல?

மூன்று பேர் சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டார்கள். தொப்பிக்காரம்மாதான் பிகு பண்ணினாள். கிடைத்ததெல்லாம் மடிப்பு, கிழிசல், எண்ணெய்க் கறை. எனக்கோ அச்சகத்தை விட்டு வந்த மேனிக்கு வேண்டும். காரணம் இருந்தது. எங்கள் ஊரில் நாணயம், நோட்டு சேர்க்கிறவர்கள் வருடா வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி போடுவார்கள். அதை நடத்துகிறவர் மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி. நோட்டைச் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் தவிர தொடமாட்டார். “நாலு பேரையும் கறையில்லாமக் கொண்டாங்க. வாசலுக்கு நேரா இருக்கிற மேசைய உங்களுக்கே தாரேன்” என்று அவர் சொல்லியிருந்தார். அந்த மேசைக்காக நான் தூங்காமல்கூட இருந்திருக்கிறேன்.

போன வருடம் மச்சினன் பம்பு கேட்டலாக்குக்கு நடுவில் வைத்து அவளைக் கூட்டிவந்தான். ஒரு மடிப்பு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மைசூர்பா வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், “ஊட்டுக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க” என்று சொல்லிவைத்தேன். அந்தப் பேச்சு தெருவில் எப்படியெல்லாம் திரும்பியது என்பதை என் மனைவிதான் அனுபவித்தாள்.

கண்காட்சிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கடையில் வைண்டிங் மெஷினிலிருந்து ஸ்பேனர்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் மனைவியிடம், “என்ற ஆயுதமெல்லாம் மேசை மேல இருக்குது அம்மணி. பூசைல வெச்சுரு” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பொரியும் சுண்டலுமாகத் திரும்பிவந்தேன். சாமி படத்துக்கு முன்னால் என் பூதக்கண்ணாடி பொட்டோடு இருந்தது. சாமணம் பொட்டோடு இருந்தது. என் நோட்டு ஆல்பம் திறந்து கிடந்தது. தொப்பியின் விளிம்புக்குக் கீழே, இரண்டு புருவத்துக்கும் நடுவே, சந்தனக் கீற்றின்மேல் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு.

“என்ன அம்மணி பண்ணிப்போட்ட?”

“நீங்கதானுங்க வெக்கச் சொன்னீங்க. எல்லாத்துக்கும் வெச்சேன். இந்தம்மா மட்டும் வெறும் நெத்தியோட இருந்தாங்க. மனசு கேக்கல. வெரல்ல வெச்சா மூஞ்சி பூரா ஆயிருமுன்னு ஈர்க்குச்சி நுனியில வெச்சனுங்க. பாருங்க, எத்தன அளவா இருக்குது.”

அளவாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த அம்மா நம் வீட்டுச் சீமந்தத்துக்கு வந்தவள் மாதிரி இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. தண்ணீரில் துடைத்தால் மையும் போகும், மொடமொடப்பும் போகும். மேசை போனது போனதுதான் என்று நினைக்க நினைக்க நெஞ்சு ஆறவில்லை.

மேட்டுப்பாளையத்துக்காரருக்கு போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.

“கறை கறைதானுங்க. சாப்பாட்டு ஹாலுக்குப் போற வழியில ஒரு மேசை கெடக்குது. வேணும்னா போட்டுக்கங்க.”

போட்டேன். நாலு பேரையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வாசல் மேசையில் யாருடைய வெள்ளிக் காசுகளோ மின்னின. வயிறு எரியப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் பசித்தது. சாப்பிடப் போகிறவர்கள் எங்கள் மேசையைத் தாண்டித்தானே போக வேண்டும். ஒரு அம்மாள் நின்றாள். “ஏனுங்க, இவிங்க நம்மூருங்களா?” என்றாள். என் மனைவி, “கானாவுங்க. பொட்டு மட்டும் நம்மூருங்க” என்றாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பந்திக்குப் போனவர்கள் திரும்பிவந்தார்கள். என் மனைவி ஈர்க்குச்சிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதையில் என் அழுகை கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. நானும் அதற்குத் தகுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாக்கு வியாபாரி வந்தார். பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். முறைக்கப்போகிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“என்றகிட்டயும் ஒரு தொப்பிக்காரம்மா இருக்காங்க. சுத்தமானவங்க. இவிங்கள எனக்குக் குடுத்துப்போட்டு அவிங்கள எடுத்துக்கங்க. வாசல் மேசைக்கும் மாத்திப்போடலாம்.”

சாமணத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்பில்லை, கறையில்லை, மூலைகூட மழுங்கவில்லை. இத்தனை நாள் கேட்டது இதுதான். இருந்தாலும் என்னவோ ஒன்று குறைந்தது. திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். நெற்றி வெறிச்சென்று இருந்தது.

“இவிங்க வேற யாரோங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கோ வாயெல்லாம் பல். மனைவி சட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, மத்த மூணு பேருக்கும் திருநீறு வெக்காம உட்டுப்போட்டனே. மனசுல ஏதாச்சும் நெனச்சுக்குவாங்களா?”

நான் சட்டத்தை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.