தொட்டிக்குள்ளிருந்து மூன்று தட்டு

இது நடந்தது. நம்பச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்றவள் நான்.

டென்னசி மலையில் எங்கள் வீட்டில் சோள விஸ்கி காய்ச்சுவோம். காய்ச்சியதை உயரமான மரத்தொட்டியில் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, பிறகு ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் விட்டுவைப்போம். கரி பழசானால் ஒருவர் தொட்டிக்குள் இறங்கி அள்ள வேண்டும். உள்ளே நிற்கும் சாராய ஆவி ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். அதனால் வெளியே நிற்பவர் இரண்டு முறை தட்டுவார். உள்ளே இருப்பவரும் இரண்டு முறை தட்ட வேண்டும். பதில் வந்தால் உயிர் இருக்கிறது.

என் கணவன் ஹார்லனின் அண்ணன் ராய்ஸ் அந்தத் தொட்டியில்தான் செத்தான். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு.

காலைப் பனி விலகவில்லை. ஹார்லன் ஏணியில் ஏறினான்.

"இன்னும் ஒரு நாள் காத்தாட விடேன்."

"விட்டா பீப்பாய எப்ப நிரப்புறது? நீ தட்டு, போதும். பதில் வரலைன்னா நம்ம கோவேறு கழுதை இனி உனக்குத்தான்."

"அதாச்சும் சொன்ன பேச்சு கேக்கும். போ."

சிரித்துக்கொண்டே இறங்கினான்.

தட்டினேன். டொக்... டொக்.

டொக், டொக்... டொக்.

மூன்று. சீண்டுகிறான் என்று நினைத்தேன். புது மனைவிக்கு எல்லாமே கொஞ்சலாகத்தான் தெரியும்.

கரி வாளியின் கயிறு என் கையில் இருந்தது. வாளி நிரம்பினால் அவன் ஆட்ட வேண்டும். கயிறு அசையவில்லை.

மறுபடி தட்டினேன். மூன்று. இருக்கிறான்... ஆனால் மண்வாரி கரியில் உரசும் சத்தமே இல்லை.

"ஹார்லன்?"

மூன்று தட்டு. மிகவும் கீழே. என் முழங்காலுக்கு நேராக.

கையை உயர்த்தினேன். இன்னும் தட்டவில்லை.

டொக், டொக்... டொக்.

ஏணியில் ஓடி ஏறினேன்.

ஹார்லன் குப்புறக் கிடந்தான். இரண்டு கைகளும் மார்புக்கு அடியில்.

தட்டல் நிற்கவில்லை.

"அத்தை! கோடாலி!"

மாமியார் ஓடி வந்தார். இருவருமாகத் தொட்டியின் அடிப்பலகைகளைப் பிளந்தோம். காற்று புகுந்தது. அவனை வெளியே இழுத்தோம். இருமினான்.

சாயங்காலம் படுக்கையிலிருந்து சொன்னான். "நான் ஒரு தடவகூடத் தட்டல, லெட்டி. கால் வச்சதும் கண்ணு இருட்டிருச்சு."

மாமியார் கையில் இருந்த சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எத்தன தட்டு கேட்டுச்சு?"

"மூணு, அத்தை."

மாமியார் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"ராய்ஸ் உள்ள இருக்கறப்போ நாந்தான் வெளிய நின்னேன். அன்னைக்கும் மூணுதான் வந்துச்சு. பய கிண்டல் பண்றான்னு சிரிச்சேன். ஏறிப் பாக்கறப்போ அவன் உடம்பு சில்லுன்னு ஆயிருந்துச்சு. பதில் மட்டும் கடைசி வரைக்கும் வந்துச்சும்மா."

தொட்டியை எரித்துவிட்டோம். எனக்கு நிம்மதியில்லை. என்னிடம் மட்டும், நான் தட்டுவதற்கு முன்பே அது பதில் சொல்லிவிட்டது. அது மட்டும் நான் தட்டும்வரை பொறுத்திருந்தால்...

நானும் சிரித்துக்கொண்டே நின்றிருப்பேன்.